ஓர் அங்குலம் முன்னே தள்ளவும்

பதினோரு வருஷமாக ஒரே கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கும் நிலையம் ஒன்று, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி இருக்கிறது. படைச் சரக்கு விமானக் கட்டுப்பாட்டு ஒப்பாய்வு நிலையம் என்று பலகையில் எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் ஆட்டோக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பிளேன் ஷெட் என்றால் கொண்டுபோய் விடுவார்.

கேள்வி இதுதான். ராணுவத்தின் சரக்கு விமானத்தைக் கம்பியால் ஓட்டுவது நல்லதா, கணினியால் ஓட்டுவது நல்லதா? பழைய முறையில் விமானி முன்னாலிருக்கும் சக்கரத்தைத் தள்ளினால், எஃகுக் கம்பி உருளை உருளையாக ஏறி இறங்கிப் பின்னால் போய் வாலை அசைக்கும். புதிய முறையில் விமானி ஒரு சின்னப் பிடியை அசைத்தால் செய்தி வயர் வழியாகக் கணினிக்குப் போகும். கணினி அதை யோசித்து, தனக்குச் சரி என்று பட்டால் வாலில் உள்ள மோட்டாருக்குச் சொல்லும். உலகத்தில் இரண்டு விதமும் மூட்டை முடிச்சோடு பறந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை. அறிக்கை பதினான்கு தொகுதி வந்திருந்தது.

நிலையத்துக்கு இருந்தது ஒரே ஒரு விமானம். அதனால் அதற்குள்ளேயே இரண்டு முறையையும் மாட்டியிருந்தார்கள். கம்பிப் பிரிவுக்குச் செவ்வாய், வியாழன், சனி. மின் பிரிவுக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஒருவர் நாளில் இன்னொருவர் விமானத்தைத் தொட்டால் ஒப்பீடு கெட்டுப்போகும் என்று விதி இருந்தது. மின் பிரிவின் நாளில் கம்பிச் சக்கரத்தை ஒரு பெட்டி போட்டு மூடிப் பூட்டிவிடுவார்கள். கம்பிப் பிரிவின் நாளில் சின்னப் பிடிக்கு உறை. மாதம் ஒருமுறை எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள். பறக்கவிட்டதில்லை. எதை வைத்துப் பறப்பது என்று முடிவாகாமல் எப்படிப் பறப்பது?

இந்த நேரத்தில் டெல்லியிலிருந்து ஒரு குழு திங்கட்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. கம்பிப் பிரிவில் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். அசைவேனா என்றது. வால் பக்கத்து உருளைகளில் கிரீஸ் வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமை வைக்கலாம் என்றால் அது இரண்டாம் சனி, விடுமுறை. விடுமுறையைத் தொடும் துணிச்சல் நிலையத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே துணை இயக்குநர் (கம்பி) சேஷாத்ரிநாதன் வியாழக்கிழமை சாயங்காலம் தாமே சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கடையைத் தேடி வந்தார்.

கடைக்காரர் பெயர் மோகனசுந்தரம். பைக் பிரேக் கேபிள், பவர் டில்லர் கிளட்ச் கேபிள் எல்லாம் கட்டித் தருபவர். இருபத்திரண்டு வருஷத் தொழில். ஆள் ஒல்லி. சேஷாத்ரிநாதன் அவரது கையைப் பார்க்கவில்லை, தோளின் அகலத்தைத்தான் பார்த்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்கோ. வாலுக்குள்ள நொழஞ்சு கிரீஸை வச்சுட்டு சத்தம் காட்டாம போயிடணும். வெள்ளிக்கெழம அவாளோட நாளாக்கும். நீங்கோ வந்தது ஒரு குஞ்சுக்கும் தெரியப்படாது, கேட்டேளா?"

"சரிங்க" என்றார் மோகனசுந்தரம். விமானத்துக்கு வேலை செய்யப் போகிறோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. இரவு சாப்பிடும்போது மனைவி சாந்தாமணியிடமும் சொன்னார். "அது ரகசியமுங்கறீங்க, எங்கிட்டச் சொல்றீங்க" என்று சாந்தாமணி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விமானத்தின் வாலடியில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் ஊர்ந்து போனார். உள்ளே இருட்டும் புழுக்கமும். கம்பிகள் எல்லாம் வந்து சேரும் இடத்தில் விசிறி வடிவத்தில் ஒரு கனத்த இரும்பு. அதுதான் வாலைத் திருப்புவது. பக்கத்திலேயே மோட்டார், அதற்கு ஒரு பிளக். தலைக்கு மேலே கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு, அதன்மேல் அரசாங்க ஈய முத்திரை. முத்திரையை உடைப்பவருக்கு ஏழு வருஷம் சிறை என்று ஒரு தகடு அடித்திருந்தார்கள். மோகனசுந்தரம் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார். நல்ல கம்பி. இப்படிக் கவனிக்காமல் போட்டிருக்கிறார்களே என்று அவருக்குக் கோபம் வந்தது.

ஐந்து உருளைக்குக் கிரீஸ் வைத்தாகிவிட்டது. ஆறாவதற்காகக் காலை நீட்டிப் புரண்டபோது மணி பதினொன்று.

மின் பிரிவின் நாட்களில் சரியாகப் பதினொரு மணிக்குக் கணினி தானாகவே வாலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்ளும். அதை நிறுத்த வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். இதையெல்லாம் கம்பிப் பிரிவுக்குச் சொல்லத் தேவையில்லை என்றும் விதி இருந்தது.

விசிறி இரும்பு மெதுவாகத் திரும்பி மோகனசுந்தரத்தின் இடது காலை, முட்டிக்குக் கீழே, விமானத்தின் சட்டத்தோடு வைத்து அழுத்தியது. ஏதோ தடுக்கிறதே என்று கணினி யோசித்தது. யோசித்து, பாதுகாப்பை முன்னிட்டு, அப்படியே பூட்டிக்கொண்டது.

அவர் போட்ட சத்தம் முன்னால் விமானி அறை வரைக்கும் போனது. அங்கே உட்கார்ந்திருந்தது செல்வப்பிரியா. மின் பிரிவில் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், சித்தூர் காலேஜில் படித்தவள். இறங்கி ஓடி வந்து வாலடிக் கதவுக்குள் தலையை விட்டாள்.

"யாருங்க உள்ள?"

"கேபிள் கடை மோகனசுந்தரமுங்க அம்மிணி. கால் மாட்டிக்கிச்சு. அந்த ஸ்டேரிங்க ஒரு இஞ்சு முன்னால தள்ளிவிட்டா எடுத்துக்குவேன்."

"இருங்கண்ணா, இதா தள்ளறேன்."

அவள் ஓடிப்போய்ச் சின்னப் பிடியை முன்னால் தள்ளினாள். திரையில் எழுத்து வந்தது: உங்கள் கட்டளை பாதுகாப்பு வரம்பை மீறுகிறது. இன்னொரு முறை தள்ளினாள். கணினி இம்முறை நன்றியும் சொல்லி மறுத்தது. கரண்டை நிறுத்திப் பார்த்தாள். கரண்டு போனால் மோட்டார் இன்னும் நன்றாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். ஒரே வழிதான் இருந்தது. சின்னப் பிடியைத் தள்ளும் அதே நேரத்தில் கம்பிச் சக்கரத்தையும் ஓர் அங்குலம் தள்ளினால் பூட்டு விடும். சக்கரத்தின் மேல் பெட்டி இருந்தது. பெட்டியின் சாவி கம்பிப் பிரிவில் இருந்தது. அவள் தன் அதிகாரியிடம் ஓடினாள்.

துணை இயக்குநர் (மின்) ஜோபி இடுக்கிக்காரர். மூணாறில் எஸ்டேட் பிள்ளைகளோடு படித்ததால் தமிழ் நன்றாக வரும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார்.

"நோக்கு மோளே, விமானத்துல மூணு கம்ப்யூட்டர் உண்டு. ஒண்ணு மட்டும் வாலுல ஆளு இருக்குன்னு சொல்லுது. ரெண்டு பேரு இல்லன்னு சொல்லுது. ரெண்டு பேரு சொல்றதாணு சரி. தப்பு சொன்னத சிஸ்டமே ஆஃப் செய்துட்டு. பாத்தியா, எத்தற சுந்தரமான சிஸ்டம்."

"சார், அந்த ஒண்ணுக்குத்தானுங்க வாலுல சென்சார் இருக்குது. மத்த ரெண்டும் முன்னால இருக்குதுங்க. நான் ஆளக் கண்ணுல பாத்துப்போட்டு வர்றேனுங்க."

"கண்ணு. அதாணு பிரஷ்னம்" என்றார் ஜோபி. "இருபது வர்ஷமா நான் சொல்றது இதுதான். விமானத்துல தப்பு செய்யறது மனுஷன். கண்ணு தப்பும், கை நடுங்கும். அதுக்காகத்தான் நடுவுல கம்ப்யூட்டர் வச்சது. இப்ப ஒரு மனுஷன் சொன்னான்னு கம்ப்யூட்டர நான் நம்பாம இருந்தா, பின்ன எனக்கு இங்க என்ன ஜோலி?"

அதற்குப் பதில் செல்வப்பிரியாவிடம் இருந்தது. பயிற்சிக்காலம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்ததால் சொல்லவில்லை. அவள் வராந்தாவைக் கடந்து கம்பிப் பிரிவுக்குப் போனாள். மின் பிரிவிலிருந்து ஒருவர் அந்த வராந்தாவைக் கடப்பது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் முறை.

சேஷாத்ரிநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆள் உள்ளே இருப்பதை ஒப்புக்கொண்டால் வெள்ளிக்கிழமை விமானத்தைத் தொட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோரு வருஷ ஒப்பீடு தம்மால் கெட்டது என்று பெயர் வரும். சாவி தாருங்கள் என்று அவள் கேட்டதும் அவர் ஒரு கோப்பைத் திறந்தார். வாலில் எதிர்பாராத எடை காணப்படுவதால் உடனே ஓர் அங்குலம் முன்னே தள்ளவும் என்று எழுதினார். எடைக்குப் பெயரோ ஊரோ குறிப்பிடவில்லை.

கம்பிப் பிரிவில் எதுவும் கைமாறிக் கைமாறித்தான் போகும். நேராகப் போவது அங்கே மரியாதைக் குறைவு. முதல் மேஜையில் 'உடனே' என்பது 'விரைவில்' ஆனது. இரண்டாவதில் 'இயன்றவரை விரைவில்'. மூன்றாவது மேஜைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான்காவதில், தள்ளுவதா வேண்டாமா என்பது குறித்துக் கருத்துக் கேட்கலாம் என்று வந்தது. சாவி வைத்திருப்பவரின் மேஜைக்கு அது போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை, அவர் கோப்பைப் படித்துவிட்டு, இதில் தம்மைச் சாவி கொடுக்கச் சொல்லி எங்கும் இல்லையே என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

இந்த மூன்றரை மணி நேரமும் மோகனசுந்தரம் உள்ளேதான் இருந்தார். முதலில் கால் வலித்தது. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை. வலித்தபோது இல்லாத பயம் வலி நின்றதும் வந்துவிட்டது. கையை நீட்டிக் கால் கட்டை விரலைக் கிள்ளிப் பார்த்தார், யாருடைய விரலையோ கிள்ளுவது போலிருந்தது. இந்தக் கால் போய்விட்டால் கடையில் நின்று வேலை செய்ய முடியாது, கிளட்சைப் பிடித்துக் கியரை மிதித்துப் பார்க்க முடியாது என்று நினைத்தார். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதார்.

மூன்று மணிக்குச் சேஷாத்ரிநாதன் குடையோடு வாலடியில் வந்து நின்றார். மேலே பார்க்கவில்லை. மரத்தைப் பார்ப்பது போல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மோகனசுந்தரம், தைரியமா இருங்கோ. உங்களப் புடிச்சிண்டிருக்கறது அவாளோட மோட்டாராக்கும். கம்பி இப்படிச் செய்யாது. கம்பின்னா நெஜம். இங்க இழுத்தா அங்க அசையும். நடுவுல யாரும் நின்னுண்டு யோசிக்க மாட்டா."

"அப்படீன்னா அந்தக் கம்பிய இழுக்கச் சொல்லுங்க சாமி. காலு செத்துப்போச்சுங்க."

"கோப்பு நாலாவது மேஜையத் தாண்டியாச்சு" என்றார் சேஷாத்ரிநாதன்.

"ஏனுங்க, இந்தத் திருகு எனக்குக் கைக்கு எட்டுதுங்க. நானே கம்பியத் தளத்திக்கட்டுங்களா? அந்த மோட்டார் பிளக்கையும் புடுங்கிப்போட்டா இது லேசா வந்துரும்."

குடை ஒரு முறை ஆடியது. "முத்திரையத் தொட்டுடாதீங்கோ. ஏழு வருஷம். எனக்குச் சேத்துப் பதினாலு."

மோகனசுந்தரம் கையை இறக்கிக்கொண்டார். சிறைக்குப் பயந்தது பாதிதான். பிறத்தியார் உயிர் தொங்கும் கம்பியைத் தளர்த்தி அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். பிரேக் கேபிளைக் கழற்றினால் மாட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

மூன்றே முக்காலுக்குச் செல்வப்பிரியா வேலை போனாலும் போகட்டும் என்று இயக்குநர் அறைக்குள்ளேயே போய்ச் சொல்லிவிட்டாள். இயக்குநர் முனைவர் கோகுல்நாத் கோபப்படவில்லை. அவர் கண்கள் கலங்கின. அரை மணியில் இரண்டு துணை இயக்குநர்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு போட்டோக்காரரோடு வாலடிக்கு வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து குறிப்பை எடுத்துக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, பதினோரு ஆண்டுகளாக நாம் வெறும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தோம். வாலுக்கு ஓர் எதிர்ப்பு வந்தால் கம்பி என்ன செய்யும், கணினி என்ன செய்யும் என்று அறிய நமக்கு வாய்ப்பே இல்லை. மணல் மூட்டை வாங்க ஏழு முறை ஒப்பந்தப்புள்ளி கோரினோம். யாரும் வரவில்லை. இன்று இந்த எளிய மனிதர், எந்த ஒப்பந்தப்புள்ளியும் இல்லாமல், தம் காலையே கொடுத்திருக்கிறார். இந்த நிலையம் இவரை மறக்காது. இவர் பெயர் என்ன?"

உள்ளே ஆள் இருப்பதைக் காலையிலிருந்து ஒப்புக்கொள்ளாத இருவரும் இப்போது முந்திக்கொண்டார்கள்.

"சார், கம்பியாக்கும் அவரப் புடிச்சிண்டிருக்கு. எத்தன உறுதி பாருங்கோ."

"அல்ல சார். மோட்டார் லாக் ஆணு. அஞ்சு மணிக்கூரா ஒரு மில்லிமீட்டர் விட்டில்ல."

"அதை அவரே சொல்லட்டும்" என்றார் இயக்குநர். ஒரு படிவமும் பேனாவும் உள்ளே போயின. தங்களைப் பற்றியிருக்கும் பிடி எத்தகையது: உறுதியானது, மிக உறுதியானது, கருத்து இல்லை. இப்பிடியைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?

மோகனசுந்தரம் படிவத்தைப் பார்த்தார். "சார், எனக்கு முட்டிக்குக் கீழ காலு இருக்கறதே தெரியலீங்க. ஒரு இஞ்சுங்க சார். ஒரே இஞ்சு தள்ளச் சொல்லுங்க."

"உணர்வின்மை, ஐந்து மணி நேரம்" என்று இயக்குநர் குறித்துக்கொண்டார். பிறகு கனிவோடு விளக்கினார். "தள்ளலாம் ஐயா. யார் தள்ளுவது என்பதுதான் கேள்வி. கம்பி தள்ளினால் கம்பி வென்றதாகும். கணினி தள்ளினால் கணினி வென்றதாகும். இரண்டும் சேர்ந்து தள்ளினால் இந்த நிலையம் எதற்கு என்று டெல்லியில் கேட்பார்கள். திங்கட்கிழமை குழு வந்து நேரில் பார்க்கும்வரை இந்த நிலையைக் கலைக்க வேண்டாம்."

"ஃபயர் ஃபோர்ஸக் கூப்பிடலாமுங்களா சார்?" என்று கேட்டாள் செல்வப்பிரியா.

"ரகசிய இடத்துக்குள் தீயணைப்புத் துறையா?" இயக்குநருக்கு அது நல்ல நகைச்சுவையாக இருந்தது. மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரும் பன்னும் உள்ளே வைக்க உத்தரவிட்டார். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள்.

ஷெட் அடங்கியது. மோகனசுந்தரம் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றார். திங்கட்கிழமை என்றால் இன்னும் மூன்று நாள். அதற்குள் கால் அழுகிவிடும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. தலைக்கு மேலிருந்த தகட்டை இன்னொரு முறை படித்தார். ஏழு வருஷம் இரண்டு காலோடு இருக்கலாம் என்று முடிவு செய்தார். ஸ்பேனரால் முத்திரையைத் தட்டி உடைத்தார். திருகைச் சுற்றிச் சுற்றித் தளர்த்தினார். பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரின் தண்டைக் கழற்றினார். விசிறி இரும்பு சாதுவாகத் திரும்பிக்கொண்டது. மொத்தம் இருபது நிமிஷ வேலை.

கையை ஊன்றி வெளியே வந்து, சுவரைப் பிடித்து நொண்டி நொண்டிக் கேட்டுக்குப் போனார். செல்வப்பிரியா பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, உள்ளே விடச் சொல்லி வாட்ச்மேனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவர் முதலில் கேட்டது தண்ணீரை அல்ல, கேட்டில் இருக்கும் புத்தகத்தை. 'வாலில் கம்பியைத் தளர்த்தி, மோட்டாரையும் கழற்றிவிட்டேன். இப்போது முன்னால் எதைத் தள்ளினாலும் வால் அசையாது. மறக்காமல் மாட்டவும். இப்படிக்கு, மோகனசுந்தரம்.' தேதி போட்டு, வாட்ச்மேனிடமும் கையெழுத்து வாங்கினார். அப்புறம்தான் அவளுடைய ஸ்கூட்டரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கால் போகாது என்றார் டாக்டர். உணர்வு திரும்புமா என்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். சனியும் ஞாயிறும் மோகனசுந்தரம் நிலையத்துக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

"விட்டுத் தொலைங்க" என்றாள் சாந்தாமணி. "பதினோரு வருசமா பறக்காதது இனியா பறக்கப்போகுது?"

"பறக்காதுதான். ஆனாலும் கழட்டினது நானல்லோ. மாட்டறதப் பாத்துப்போட்டு வந்தர்றேன்."

திங்கட்கிழமை அவர் தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். செல்வப்பிரியா ஓடி வந்தாள்.

"அண்ணா, மோசம் போச்சுங்க. ஒம்பது மணிக்கே குழு வந்துருச்சு. நான் சொன்னத ஒருத்தரும் காதுல போட்டுக்கல. பெட்டியத் தெறந்து சக்கரத்தத் தள்ளிப் பாத்தாங்க. ஒத்த வெரல்ல ஓடுச்சு. எங்க பிடியும் அப்படித்தான், கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை மறுக்கல. ரெண்டு பிரிவுக்கும் முழு மார்க். இத்தன நாள் எதுக்குப் பறக்கலைன்னு கேட்டு, இன்னைக்குப் பதினொண்ணே காலுக்கே பறக்கச் சொல்லிட்டாங்க."

"வால் அசஞ்சுதான்னு யாரும் பாக்கலியா?"

வாலைப் பார்ப்பது எந்தப் பிரிவின் வேலை என்று வகுக்கப்படவில்லை.

விமானத்தின் பக்கத்தில் பன்னிரண்டு ஜவான்கள் இட்லிப் பொட்டலத்தோடு வரிசையில் நின்றார்கள். சரக்கு விமானத்துக்குச் சரக்கு வேண்டும் என்பதால் அவர்களை அழைத்து வந்திருந்தார்கள். ஒருவன் மோகனசுந்தரத்தின் தடியைப் பார்த்து நகர்ந்து வழி விட்டான். சட்டையில் ஜெகன் என்று இருந்தது.

"பாத்து வாங்கண்ணே. இந்த ஊரா? நமக்கு மூணாறு பக்கம் சூரியநெல்லி. நம்மூர்க்காரங்க செஞ்ச பிளேன்லயே ஏறுறோம்னு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருக்கேன்."

மோகனசுந்தரம் தடியை வேகமாக ஊன்றி நடந்தார். இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். முத்திரையை உடைத்ததையும் சொன்னார், சிறைக்கும் தயார் என்றார். புத்தகத்தில் எழுதியிருக்கிறேனே என்றார்.

"தமிழில் எழுதியிருக்கிறீர்கள். முறைப்படி மொழிபெயர்ப்புக்கு அனுப்பியாயிற்று" என்றார் இயக்குநர். குரல் தாழ்ந்தது. "ஐயா, வால் கழன்றிருக்கிறது என்று இப்போது நான் சொன்னால், இரண்டு பிரிவும் எதை ஆட்டி முழு மதிப்பெண் வாங்கின என்று கேட்பார்கள். சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்வது?"

சேஷாத்ரிநாதன் மரத்தைப் பார்த்தார். ஜோபி திரையைப் பார்த்தார். மூவருக்கும் மோகனசுந்தரம் சொல்வது உண்மை என்று தெரியும். அதை அவர் அவர்கள் முகத்தில் பார்த்தார்.

மணி பத்தே முக்கால். ஜவான்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். மோகனசுந்தரம் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாலடிக்கு வந்தார். செல்வப்பிரியா கூடவே வந்தாள்.

"எத்தன நேரமாகுமுங்கண்ணா?"

"இருபது நிமிசம். மொதல்ல பிளக்க மாட்டினாத்தான் தண்டு சேரும்."

"பதினொண்ணுக்குக் கம்ப்யூட்டர் வால ஆட்டுமுங்க. நீங்க பிளக்க மாட்டினீங்கன்னா ஆட்டிரும். இன்னைக்குத் திங்கக்கெழமை."

"அத நிறுத்தச் சொல்லிப் பாரேன் அம்மிணி."

"மூணு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கோணுமுங்க." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் முன்னால போயி பிடியப் புடிச்சுக்கறேன். எவன் வந்து கேட்டாலும் விடமாட்டேன்."

"புடி. அது உம்பேச்சக் கேக்காது. ஆனாலும் புடி."

அவள் ஓடினாள். மோகனசுந்தரம் தடியை விமானத்தின் டயரில் சாய்த்து வைத்தார். சின்னக் கதவுக்குள் தோளை நுழைத்து ஊர்ந்து போனார். உள்ளே அதே புழுக்கம். விசிறி இரும்புக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி நிறுத்தி யோசித்தார். பிறகு புரண்டு படுத்து, ஏற்கெனவே உணர்வில்லாத காலைக் கையால் தூக்கி இரும்பின் பக்கமாக வைத்துக்கொண்டு, நல்ல காலைத் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.